எனக்கு மூன்று நோய்கள்

எதிர் வீட்டு மாமியைக் கேட்டால் எனக்கு வயிற்றில் அல்சர். அக்காவையும் அத்தானையும் கேட்டால் கஞ்சாப் பழக்கம். எச்.ஐ.வி. என்பது எனக்கும் டாக்டர்களுக்கும் மட்டும் தெரியும். அசோக் நகரில், ஒரே மாடியில் எதிரெதிராக இருக்கும் இரண்டு வீடுகளுக்குள் ஒரே ஆள் மூன்று நோயாளிகளாக நடமாடிக்கொண்டிருந்தேன்.

அல்சர் அக்காவின் கைங்கரியம். தம்பி கஞ்சா அடிக்கிறான் என்று வெளியே எப்படிச் சொல்வாள்? மாமி அதை நம்பி அடிக்கடி மணத்தக்காளிக் கீரை கொண்டுவந்து தருவார். "வெறும் வயத்துல காபி குடிக்கப்படாதுப்பா" என்று அறிவுரையும் சேர்த்துத் தருவார். கீரை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் தின்றேன்.

கஞ்சா பாதி உண்மை. அடையாறில் ஒரு பல் டாக்டரிடம் போனபோது, மறைக்கக்கூடாது என்று நினைத்து எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லிவிட்டேன். திறக்கச் சொன்ன வாயை மூடச் சொல்லிவிட்டார். மெஷின் ரிப்பேராம். நான் வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் அடுத்த ஆளுக்கு அதே மெஷின் கிர்ரென்று ஓடத் தொடங்கியது. அன்று சாயந்திரம் பாலவாக்கம் கடற்கரையில் பழைய சிநேகிதன் ஒருவன், "இன்னா மச்சி, மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினான். கொஞ்ச நேரத்தில் டாக்டரின் முகம் மறந்துபோனது. பல்வலியும்தான். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

ஒருநாள் துவைக்கப் போட்ட சட்டையில் அந்தப் பொட்டலம் அக்காவிடம் சிக்கியது. அதே வாரம் நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதை அத்தானும் பார்த்திருந்தார். இரண்டையும் கூட்டிக் கழித்து, நான் கஞ்சாவை விடுவதற்காக மாதாமாதம் சிகிச்சைக்குப் போவதாக அவர்களே முடிவுக்கு வந்தார்கள். நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க அதுதான் வசதி.

கஞ்சாவை அந்த வீடு மன்னிக்கும். மற்றதை மன்னிக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கம் அத்தானின் உறவுக்காரர் ஒருவருக்கு இது வந்தபோது அவர் கட்டிலை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிய கதையை இந்த வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். எனக்கு அக்கா வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. வேலையும் தி.நகரில் அத்தானின் பாத்திரக் கடையில்தான். போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அதனால் பொய்யை நன்றாகப் பராமரித்தேன். லேபிளைக் கிழித்த மாத்திரை டப்பாவைச் சாப்பாடு முடிந்ததும் அக்காவே எடுத்து நீட்டுவாள். "அந்தச் சனியன் ஞாபகம் வரக்கூடாதுன்னா ஒழுங்கா போடுல." ஒருவேளைகூடத் தவறவிடாததற்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைப் பாராட்டினார். பாராட்டு முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

அதே டாக்டரம்மா இன்னொரு முறை முகத்தைச் சுருக்கினார். "வைரஸ் அடங்கிடுச்சு. ரத்தத்துல அழற்சி மட்டும் ஜாஸ்தியா காட்டுது. இந்த நோய்ல அது வரும்தான். யாருக்காவது தெரிஞ்சிடுமோன்னு எந்நேரமும் பயந்துகிட்டே இருந்தா, அதுவும் ஏத்திவிடும்னு சொல்றாங்க. புகைப்பீங்களா?"

கஞ்சாவை ஒப்புக்கொண்டேன். அது அழற்சியைக் குறைக்குமாமே என்று எங்கோ படித்ததையும் வக்கீல் மாதிரி எடுத்துவிட்டேன்.

"ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் உறுதியா சொல்லல, நீங்க முந்திக்காதீங்க. புகை நுரையீரலுக்கு ஆகாது. அது உறுதி."

விட்டேன். தூக்கம் போய், எரிச்சலில் குக்கர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சண்டை போட்டு, எப்படியோ விட்டுத் தொலைத்தேன். வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அத்தான் பூரித்துப்போய் என்னை வடபழனி கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மொட்டை போட்டுவிட்டார். திரும்பும்போது சொன்னார். "மாப்ள, அதான் விட்டாச்சே. இனி ஆஸ்பத்திரி எதுக்கு? கல்யாண சீசன் வருது, கடைய விட்டு நகரக்கூடாது."

மாத்திரை வாங்காமல் இருக்க முடியாது. ஆகவே நான் மறுபடியும் கெட்டுப்போயாக வேண்டும். நிஜமாகவே அடித்த காலத்தில் பூனை போல இருந்தவன், விட்ட பிறகு நடிக்க ஆரம்பித்தேன். கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்தேன். சாம்பாரைப் பார்த்துச் சிரித்தேன். வாசனைக்கு என்ன செய்வது? மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்க் காய்ந்த துளசியையும் ஓமத்தையும் சேர்த்துக் கொளுத்தினேன். வடாம் காயவைக்க வந்த மாமி, "யாராத்துலயோ ஹோமம் போலருக்கு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அடுத்துப் படியேறி வந்தவள் அக்கா. கையில் காலி ஓம டப்பா.

"ஏல, கஞ்சாவுல ஓமம் எப்பலருந்து போடுதாங்க?"

நான் சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கெட்டவன் நல்லவனா நடிச்சுப் பாத்திருக்கேன். நீ என்னல தலைகீழா நடிக்க? அப்படி எத மறைக்க?"

சொன்னேன். வீட்டு மனுஷர் ஒருவரிடம் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா ஓரடி பின்னால் போனாள். "பிள்ளைகளுக்கு ஒட்டுமா?" என்றுதான் முதலில் கேட்டாள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தும் வலித்தது.

"சேந்து சாப்பிட்டா, பக்கத்துல படுத்தா ஒருநாளும் ஒட்டாதுக்கா. மாத்திரை ஒழுங்கா போடுதேன். டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கிருமி கொறஞ்சிருக்கு."

"நீ எங்க போட்ட? நாந்தானல எடுத்துக் குடுத்தேன்." சண்டைக்கு எழுந்த குரல் பாதியிலேயே அழுகையாயிற்று. தண்ணீர்த் தொட்டிச் சுவரில், என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் போகவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது சாப்பாட்டுக்கு வந்த அத்தானின் குரல் படியில் கேட்டது. "மேல என்ன புகை?"

கட்டில் மாறப்போகிறது என்றே நினைத்தேன். அக்கா எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மொட்டையைக் காட்டினாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டான் உங்க மாப்ள. மொட்ட போட்டு என்ன பிரயோஜனம்? ஆஸ்பத்திரிக்கு இனி மாசாமாசம் நானே இழுத்துட்டுப் போறேன். அன்னைக்கு ஒருநாள் கடைய நீங்க பாத்துக்கிடுங்க."

அத்தான் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கிப் போனார். காலடிச் சத்தம் ஓயும்வரை அக்கா படியையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அங்க நமக்குத் தெரிஞ்சவுக யாராவது என்னையப் பாத்துட்டா என்னல சொல்ல?"

அதே பயம். இத்தனை நாள் எனக்கு மட்டும் இருந்தது இப்போது அவளுக்கும் வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது.

"உனக்கும் கஞ்சான்னு சொல்லிருவோம்க்கா."

முதுகில் ஒன்று வைத்தாள். உண்மை தெரிந்த பிறகு அவள் கை என்மேல் பட்டது அப்போதுதான். நன்றாகவே வலித்தது.