லிஃப்ட் குப்புசாமி பாதியில் இறங்காத ஞாயிறு

மைசூரு போகாதி ரோட்டில் நாலு மாடிக்கு மேல் எழும்பிய கட்டடங்களில் பாதிக்குக் குப்புசாமிதான் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் ஹனூர் பக்கம். அங்கே லிஃப்ட் கிடையாது. அதனால் இவருக்கு என்ன உத்தியோகம் என்று ஊரில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. 'கரெண்ட்டு வேலை' என்று பொதுவாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர். ஒரே ஒரு குறை, ஜீப் ஓட்டுவார். நிஜ ஜீப் இல்லை, செல்போனில்.

லிஃப்ட் மெக்கானிக்கின் ஆயுளில் பாதி காத்திருப்பதில் போய்விடும். சாமான் வரக் காத்திருக்க வேண்டும், சாவி வரக் காத்திருக்க வேண்டும், வேலை முடிந்ததற்குக் கையெழுத்துப் போட அடுக்ககச் சங்கச் செயலாளர் குளித்துவிட்டு வரக் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் அந்த ஆட்டம் அவர் போனுக்குள் குடியேறியது. நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். கையில் கிடைத்த துப்பாக்கியை எடுத்து ஒருவரையொருவர் தீர்த்துக்கட்டுவார்கள். சுற்றிலும் ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே நின்றால் உயிர் போகும். கடைசியில் மிஞ்சுகிற அணி ஜெயித்த அணி. உலகம் முழுக்க இப்படித்தான் ஆடுகிறது. குப்புசாமி மட்டும் குதித்தவுடன் ஒரு ஜீப்பைத் தேடிப் பிடிப்பார். கடற்கரை ஓரமாக ஓட்டிக்கொண்டு போவார். வழியில் யாராவது நின்றால் பக்கத்தில் நிறுத்தி ஹாரன் அடிப்பார். பெரும்பாலும் சுடுவார்கள். அபூர்வமாக ஒருவர் ஏறிக்கொள்வார். ஒருமுறை எந்த நாட்டுக்காரரோ, கால் மணி நேரம் பேசாமல் கூடவே வந்துவிட்டு, பாலத்தடியில் இறங்கிப் போனார். அந்த வாரம் முழுக்கக் குப்புசாமிக்கு மனசு நிறைந்திருந்தது.

இந்தச் சுகத்தைக் கெடுத்தவள் மோகனப்ரியா. சம்பிகே ரெசிடென்சியில் மூன்றாவது மாடி, இருபத்துமூன்று வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பழுது பார்க்க வந்த மனிதர் லிஃப்ட் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, இரண்டு டயர் போன ஜீப்பை மலைச்சரிவில் உருளாமல் இறக்கிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டாள். அப்போதுதான் மூலையிலிருக்கும் மொபைல் கடைக்காரர், அந்த ரோட்டு அடுக்ககங்களுக்கு இடையே போட்டி அறிவித்திருந்தார். மூன்று பேர் அணி. ப்ரியா ஒன்று, வங்கியில் வேலை பார்க்கும் முதல் மாடி சந்துரு இரண்டு. மூன்றாவது ஆளுக்கு அவள் அலைந்துகொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க நம்ம அபார்ட்மென்ட்டு லிஃப்ட்டைத்தானே பாக்கறீங்க? அப்ப நம்ம ஆளுதான்."

"எனக்குச் சுட வராதுங் அம்மணி. வண்டிதான் ஓட்டுவனுங்க."

"ஓட்டுங்க. சுடறதை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு முதலாளிகள். கம்பெனி முதலாளியாவது தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பார். ப்ரியா பயிற்சி முடிந்ததும் குறிப்பு அனுப்புவாள். 'குப்பு அண்ணா: ஓட்டுதல் நன்று. தைரியம் போதாது. எதிரியைப் பார்த்து ஹாரன் அடிக்கக் கூடாது.' தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவளிடம் இப்படிப் பேச்சு வாங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை ஆட்டத்தைப் போனிலிருந்து அழித்துவிடுவார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மறுபடி ஏற்றிக்கொள்வார். காரணம் இருந்தது. ஒருநாள் எரிந்துகொண்டிருந்த ஜீப்பில் மற்ற இரண்டு பேரையும் ஏற்றி, வட்டத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தபோது அவள், "அண்ணா, நீங்க தெய்வம்" என்றுவிட்டாள். ஓடுகிற லிஃப்ட்டைப் பார்த்து யாரும் மெக்கானிக்கை நினைப்பதில்லை, நின்ற லிஃப்ட்டுக்குத்தான் போன் வரும். இருபது வருஷ உத்தியோகத்தில் அவருக்குக் கிடைத்த முதல் தெய்வப் பட்டம் அது.

ஆனால் அந்தப் போன்தான் வில்லங்கம். பயிற்சியில் ஒன்பது ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போயிருந்தார். எங்கேயோ யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அழைப்பு வரும், ஓடிவிடுவார். அவருடைய பொம்மை தீவில் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்கும். வருகிறவர் போகிறவரெல்லாம் சுட்டுப் பழகுவார்கள். 'பாதியில எறங்கற பார்ட்டி' என்று சந்துரு பெயர் வைத்தான்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் ப்ரியா ஒரே வரியில் சொல்லிவிட்டாள். "நாளைக்கும் பாதியில போனீங்கன்னா, அண்ணா, டீமுல இல்லை."

போகட்டும், பழையபடி நிம்மதியாகக் கடற்கரையில் ஓட்டலாம் என்று ஒரு குப்புசாமி நினைத்தார். ஒரே ஒரு ஆட்டத்தையாவது முழுசாக முடித்துப் பார்க்க வேண்டும் என்று இன்னொரு குப்புசாமிக்கு ஆசை. இரண்டாவது குப்புசாமிதான் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் சம்பிகே ரெசிடென்சியின் மொட்டை மாடியில், லிஃப்ட் மெஷின் ரூமுக்குள் போய், இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். அங்கே சிக்னல் நன்றாக இருக்கும். எதிரே ஆணியில் சர்வீஸ் ரெஜிஸ்டர் தொங்கியது. 'கரெண்ட் போனால் லிஃப்ட்டைப் பக்கத்து மாடியில் கொண்டு நிறுத்தும் பேட்டரி செத்துவிட்டது, மாற்றவும்' என்று அதில் ஐந்து முறை எழுதியிருந்தார். ஐந்து முறையும் செயலாளர் அய்யாவு படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனி போனைத் தரையில் வைத்தார். சொந்தப் போனைக் கையில் எடுத்து, இயர்போனைக் காதில் மாட்டினார்.

பதினோரு மணிக்கு விமானம் பறந்தது.

சந்துரு ஆர்வக்கோளாறில் சீக்கிரமே குதித்து, பன்னிரண்டு பேர் நின்ற இடத்தில் இறங்கி, இரண்டாவது நிமிஷம் போய்ச் சேர்ந்தான். செத்தவர்களுக்கும் பேசும் வசதி அந்த ஆட்டத்தில் உண்டு. அவன் அதை முழுசாகப் பயன்படுத்திக்கொண்டான். "அண்ணா, லெஃப்ட்டு. அண்ணா, நான் இருந்திருந்தா லெஃப்ட்டு போயிருப்பேன்."

"அதனாலதான் ரைட்டுல போறோம், சும்னிரு" என்று அவன் வாயை அடைத்தாள் ப்ரியா.

குப்புசாமி ஓட்டினார். ப்ரியா பின்னால் நின்று சுட்டாள். பாலம் தாண்டியது, கிடங்கு தாண்டியது, ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து நாலு கால் பாய்ச்சலில் எழுந்தது. முப்பது அணி பதினாலாயிற்று, பதினாலு எட்டாயிற்று. குப்புசாமியின் முதுகெலும்பில் எறும்பு ஊர்ந்தது. இந்த நேரம் பார்த்து ப்ரியாவின் வீட்டில் அப்பா மிக்ஸியைப் போட்டார். "இங்க ஒண்ணும் கேக்கலை. நான் மாடிக்கு வந்துடறேன் அண்ணா" என்று, ஆடியபடியே நடந்து லிஃப்ட்டில் ஏறினாள். உள்ளே அய்யாவு ஒரு வாளி வத்தல் மாவோடு நின்றிருந்தார். மனைவி சுந்தராம்பாள் மொட்டை மாடியில் வேட்டியை விரித்துப் பிழிவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அதே நொடியில் ஜீப்பின் கண்ணாடியில் ஒரு குண்டு பாய்ந்தது. ஜீப்பை இடப்பக்கம் ஒடித்தார் குப்புசாமி. இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் யாரையும் பாருங்கள், வண்டியோடு உடம்பும் ஒடியும். அவருடைய இடது தோள் சுவரிலிருந்த மெயின் சுவிட்சின் கைப்பிடியில் மோதியது. கைப்பிடி இறங்கியது. மெஷின் நின்றது. காதில் துப்பாக்கிச் சத்தம் நிறைந்திருந்ததால் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

"அண்ணா," என்றாள் ப்ரியா. "லிஃப்ட்டு நின்னுடுச்சு."

அவளுக்குப் பின்னாலிருந்து அய்யாவின் குரல் வந்தது. "யாருங் அது, குப்புசாமியா? ஏப்பா, மாவு இறுகுதப்பா. ஒரே இருட்டு. வெசையா வந்து தெற."

குப்புசாமி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். பத்தாவது முறை. அதுவும் தன் அணித் தலைவியே மாட்டிக்கொண்டாள். எழுந்திருக்கப் போனவரை ப்ரியா தடுத்தாள்.

"வேண்டாம் அண்ணா, தொடாதீங்க. மூணாம் மாடிக்குக் கொஞ்சம் மேல நிக்கறேன். எங்க வீட்டு வைஃபை இன்னும் இழுக்குது. லிஃப்ட்டு நகந்துச்சுன்னா நெட்டு போயிடும், நான் அவுட்டு. அஞ்சு டீம்தான் பாக்கி. முடிஞ்சதும் தெறங்க."

இருபது வருஷத்தில், உள்ளே மாட்டிக்கொண்டவர் திறக்காதே என்று சொல்லி அவர் கேட்டதில்லை.

"அய்யா என்னங் சொல்றாரு?"

அந்த இருட்டுக்குள் இருந்த ஒரே வெளிச்சம் ப்ரியாவின் போன். அய்யாவுக்குப் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. கொள்ளேகால் பக்கம் முப்பது வருஷம் மக்காச்சோளத்துக்குக் காட்டுப்பன்றி காவல் இருந்த கண் அது.

"அம்மணி," என்றார் அய்யாவு மெதுவாக. "அந்தப் புதருக்கு அக்கட்டால ஒருத்தன் குனிஞ்சு போறான் பாரு."

"எங்க அங்கிள்?"

"செடி அசையுதில்ல. காத்து அந்தப் பக்கம் அடிக்கலை, அது மட்டும் அசையுது."

ப்ரியா சுட்டாள். புதருக்குள்ளிருந்து ஒருவன் சுருண்டு விழுந்தான். ஐந்து அணி நாலாயிற்று.

"குப்புசாமி," என்றார் அய்யாவு. அவர் குரல் மாறியிருந்தது. "அவசரமில்லப்பா. நீ பதனமா ஓட்டு."

அவசரப்பட வேறு ஆள் இருந்தார். வாளி வரவில்லையே என்று படியிறங்கிப் பார்த்த சுந்தராம்பாள், லிஃப்ட் நின்றதைக் கண்டுகொண்டு, திரும்ப ஏறி வந்து, கம்பெனி எண்ணுக்குப் போன் போட்டார். கதவுக்கு அந்தப் பக்கமே மணி அடித்தது. போனைக் காதிலிருந்து எடுத்து இரும்புக் கதவைப் பார்த்தார். மறுபடி போட்டார். மறுபடி கதவுக்குள் அடித்தது. அதற்குப் பிறகு அவர் போனை நம்பவில்லை, கதவைத் தள்ளினார்.

"ஏனுங் தம்பி. எங்கூட்டுக்காரரு குழிக்குள்ள தொங்கிட்டிருக்காரு. நீங்க இங்க ஒக்காந்து என்னத்த நோண்டறீங்க?"

"அய்யாதானுங் தெறக்க வேண்டாங்கறாரு."

"அவரு எதையுந்தான் வேண்டாங்குவாரு. நானும் சர்க்கரை மாத்திரை வேணுமான்னு கேட்டுட்டா குடுக்கறேன்?"

குப்புசாமி தலையைத் திருப்பினார். அப்போதுதான் மெயின் சுவிட்ச் கண்ணில் பட்டது. கைப்பிடி இறங்கியிருந்தது. தன் தோளைப் பார்த்தார். சட்டையில் கைப்பிடியின் கிரீஸ் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. லிஃப்ட் தானாக நிற்கவில்லை. இரண்டு பேரை இருட்டில் தொங்கவிட்டது அவர்தான்.

திரையில் இரண்டே அணி பாக்கி. எதிர்ச்சாரி அடுக்ககத்தின் கடைசி ஆள் ஒருவன், இந்தப் பக்கம் ப்ரியாவும் இவரும். இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் அவள் சுட்டுவிடுவாள். ஜெயித்துவிடலாம். ஆனால் ஆள் உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேறு வேலையில் கை வைப்பது அவருக்கு வராது. அது தைரியமும் இல்லை, பெரிய தர்மமும் இல்லை, இருபது வருஷப் பழக்கம். அதற்காக ஆட்டத்தை விட்டுப் போகவும் மனசு வரவில்லை.

இரண்டு கட்டைவிரலும் திரையில் இருக்க, ஸ்டூலிலிருந்து எழுந்தார். முதுகைக் காட்டித் திரும்பினார். கைப்பிடிக்கு அடியில் தோளைக் கொடுத்து நெம்பினார். சந்தை மூட்டையைத் தூக்குகிற மாதிரி ஒரு முக்கல். ஜீப் ஒரு மரத்தை உரசித் தப்பியது. கைப்பிடி மேலே ஏறியது. மெஷின் உறுமியது.

"அண்ணா, என்ன பண்றீங்க, லிஃப்ட்டு நக..." என்றதோடு ப்ரியாவின் குரல் அறுந்தது. திரையில் அவள் பொம்மை அசையாமல் நின்றது. எதிரி சும்மா விடுவானா?

இப்போது குப்புசாமி ஒற்றை ஆள். சுட வராத ஆள்.

"அண்ணா, நீங்க மட்டுந்தான்" என்றான் செத்துப்போன சந்துரு, முதல் முறையாக உருப்படியாக.

வட்டம் ஒரு களத்துமேட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதற்குள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். குண்டுகள் தகரத்தில் பொரிந்தன. ஒரு டயர் போயிற்று. சுந்தராம்பாள் திட்டுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். படியில் தடதடவென்று கால் சத்தம். நாலாம் மாடியில் கதவு திறந்ததும் ஓடி வந்த ப்ரியா முன்னால், வாளியை விடாத அய்யாவு பின்னால். 'அந்நியர் நுழையக் கூடாது' என்று எழுதிய அறைக்குள் நாலு பேரும் ஒரு வாளியும்.

"புதர்ல இல்லப்பா, மேட்டுல, மேட்டுல" என்றார் அய்யாவு.

மேட்டில் ஒருவன் துப்பாக்கிக்குக் குண்டு நிரப்பிக்கொண்டிருந்தான். வெறும் கை மாதிரிதான். குப்புசாமி ஜீப்பை மேட்டின் மேல் ஏற்றினார். இரண்டாவது டயரும் போயிற்று. ஏறிவிட்டது. நேரே அவன்மேல் விட்டால் ஆட்டம் முடிந்தது.

"இடிங்க அண்ணா. பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினாள் ப்ரியா.

என்ன ஆயிற்றென்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை. வழியில் ஒரு ஆள் நிற்கிறான், தான் வண்டியில் வருகிறோம். விரல் தன்பாட்டுக்கு பிரேக்கை அழுத்திற்று. தளத்துக்கு வந்து நிற்கும் லிஃப்ட் மாதிரி, ஒரு நூல் முன்னே பின்னே இல்லாமல், ஜீப் அந்த ஆளின் பக்கத்தில் அழகாக நின்றது. ஹாரனும் அடித்தது.

எதிரி ஒரு விநாடி திகைத்தான். ஏறலாமா என்று யோசித்திருக்கக்கூட முடியும். பிறகு சுட்டான்.

இரண்டாம் இடம்.

ப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். குப்புசாமிக்குத் தோற்றதற்கு வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது, வாய் கேட்காமல் காதுவரை விரிந்துகொண்டது.

"முடிச்சிட்டனுங் அம்மணி" என்றார். "பாதியில போகலீங்."

அவள் நிமிர்ந்து முறைத்தாள். அவளே போட்ட நிபந்தனைப்படி இனி அவரை அணியிலிருந்து நீக்க முடியாது. "ஹாரன்," என்றாள். "கடைசியில ஹாரனாவது அடிக்காம இருந்திருக்கலாம் இல்லையா?"

"லிஃப்ட்டு ஏன் நின்னுச்சாமா?" என்று கேட்டார் சுந்தராம்பாள், மாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே.

"வோல்ட்டேஜுன்னு எழுதிடுங்க அண்ணா" என்று கிசுகிசுத்தாள் ப்ரியா. எவ்வளவு கோபமானாலும் அணி அணிதானே.

குப்புசாமி ரெஜிஸ்டரை ஆணியிலிருந்து எடுத்து எழுதினார். 'காரணம்: மெக்கானிக்கின் இடது தோள். சரிசெய்த விதம்: அதே தோள். பேட்டரி மாற்றவும்.' செயலாளரிடம் நீட்டினார்.

அய்யாவு பேனாவைத் திறந்தார். வழக்கமாக அடுத்த நொடியே கையெழுத்து விழுந்துவிடும். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். பக்கத்தைத் திருப்பி, பழைய ஐந்து வரிகளையும் படித்தார். குப்புசாமியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, அடியில் தன் கைப்பட ஒரு குறிப்பும் எழுதினார்.

'பேட்டரி நாளையே மாற்றப்படும். வரும் ஞாயிறு முதல், வாரந்தோறும் பத்தரை மணிக்கு மெக்கானிக் தவறாமல் வரவும். மெஷின் ரூமுக்கு இன்னும் மூன்று ஸ்டூல் தேவை.'