எட்டாவது படம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் தானியேல் கடை வேலைக்குக் கொழும்பு போனார். போகுமுன் ஏலத்தோட்டத்தில் வைத்து, தன் மடக்குக் கேமராவால் மனைவி ஜெயபாக்கியத்தை ஏழு படம் எடுத்தார். சுருளுக்கு எட்டுப் படம். "எட்டாவது, நான் வந்ததும் நீ என்னைய எடு" என்று கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. எடுக்கிறவர் எப்போதும் அவர்தானே.

மூன்று வருஷமாகியும் ஆள் வரவில்லை. ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய்வந்து அவள் கேமராவைத் திறப்பாள். மடிப்பு மடிப்பான தோல் துருத்தி விரிந்து லென்சு முன்னே வரும். அடுத்து எடுக்கவேண்டிய படத்தின் எண்ணைக் காட்டும் முதுகுப்பக்கச் சிவப்புச் சன்னலில் எட்டு அப்படியே நிற்கும்.

"மதினி, பிலிமு வீணாப் போயிரும். வாசலப் பாத்து ஒண்ணு அமுக்கிட்டுக் கொண்டாங்க, கழுவக் கொடுப்போம்" என்றான் கொழுந்தன் ஞானமுத்து.

"அந்த ஏழுலயும் நான்தானேப்பா இருக்கேன். என் மூஞ்சியப் பாக்க வீட்டுல கண்ணாடி இல்லையாக்கும்?" என்றவள், துருத்தியைப் பதமாக மடக்கி மூடினாள்.