மனைவிக்குச் சொல்லாத நம்பர்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் மனைவியோடு சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. இன்ஹேலர் பைக்குள் இருந்தது. பையில் நம்பர் பூட்டு. "உனக்கு எதுக்கு நம்பரு?" என்று மனைவியிடம் அதை மறைத்திருந்தேன். இப்போதோ பூட்டின் எண்கள் கண்ணுக்கே தெரியவில்லை, பேச்சும் வரவில்லை. ஏழு விரல் காட்டினேன், பிறகு மூன்று. அவள் சக்கரங்களைத் திருப்பினாள். கடைசி எண் பூஜ்யம். கையை மூடிக் காட்டினேன். கை இழுத்துக்கொண்டது என்று நினைத்துக் கையைத் தேய்த்துவிட்டாள்! அப்புறம் கடைசிச் சக்கரத்தை ஒன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி, வளையத்தை இழுத்துப் பார்த்தாள். ஒன்பதும் தாண்டி, எனக்குக் கண் இருட்டும்போதுதான் திறந்தது.

மூச்சு வந்ததும், "பூஜ்யம்னு தெரியாதா, மண்டு!" என்று ஊரே பார்க்கத் திட்டினேன்.

இப்போது இன்ஹேலரைச் சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்கிறேன். பூட்டின் நம்பரை அவள் மாற்றிவிட்டாள். கேட்டால், "உங்களுக்கு எதுக்குங்க நம்பரு?" என்கிறாள்.