குமரை வைத்திருப்பவளின் நித்திரை

எனக்கு நித்திரை போனது மகளுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்னர் படுத்தால் கட்டை மாதிரிக் கிடப்பேன். என் கணவர் இன்னமும் அப்படித்தான். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிற மனிதர், பகல் முழுக்க மண்ணோடு நின்றுவிட்டு வந்து தலையைச் சாய்த்தால் குறட்டை. அவளுக்கு அவரும் தகப்பன்தானே? ஆனாலும் அவரிடம் ஒருவரும் நித்திரையைப் பற்றிக் கேட்பதில்லை. கோயிலிலும் கடையிலும் பஸ்ஸிலும் என்னைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். "குமரை வைச்சுக்கொண்டு எங்கை நித்திரை வரும்."

கலியாணமாகாத பெண்பிள்ளை வீட்டில் இருக்கும்வரை தாய்க்காரி கண்ணயரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் நன்றாக நித்திரை கொள்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

மகள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். வந்த சம்பந்தங்கள் சாதகத்தோடு நின்றுபோயின. கடைசியாக வந்தது லண்டன் மாப்பிள்ளை. தாய் தகப்பன் சாவகச்சேரியில் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். சாதகமும் பொருந்தியது. நான் மனதுக்குள் பந்தலே போட்டுவிட்டேன். மகள் மட்டும் ஒருநாள், "லண்டன் சரியான குளிராமம்மா" என்றாள். "சுவெற்றர் போட்டால் சரி" என்றேன். 

அந்த நேரத்தில்தான் சுவிசில் இருக்கும் என் தங்கச்சி, கோயில் திருவிழாவுக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டிக்குள் வைத்து எனக்கொரு தலையணை அனுப்பினாள். வாங்கிய உடனேயே கை இறங்கிப் போயிற்று. தலையணையா அரிசி மூட்டையா என்று தெரியாத கனம். அசைத்தால் சரசரவென்று சத்தம்.

"உதென்ன, மாட்டுக்கு வைக்கிற சாமானோ?" என்றார் கணவர்.

மகள் போனில் பார்த்துச் சொன்னாள். பக்வீட் என்று ஒரு தானியமாம். அதன் கோதை அடைத்துச் செய்கிற தலையணையாம். கழுத்தை நன்றாகத் தாங்குமாம், வெக்கைக்கு வேர்க்காதாம்.

"உமியிலையோ என்னைப் படுக்கச் சொல்லுறாள் உன்ரை சின்னம்மா?"

"உமியில்லையம்மா, கோது."

"குத்திப் புடைச்சால் வாறது உமி. சுவிசிலை புடைச்சாலும் உமிதான்."

முதல்நாள் படுத்தபோது காதுக்குள் கோழி சருகு கிளறுகிற சத்தம். திரும்பினால் ஒரு கிளறல், மூச்சு விட்டால் ஒரு கிளறல். காலையில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. தூக்கி எறியப் போனேன். மகள் விடவில்லை. தலையணையின் கரையில் இருந்த சிப்பை இழுத்துத் திறந்து, கோதில் கொஞ்சத்தைச் சுளகில் கொட்டினாள். என்னைப் படுக்கச் சொல்லிப் பக்கவாட்டில் குந்தியிருந்து, சட்டைக்கு அளவெடுப்பவள் மாதிரிப் பார்த்தாள். "கொஞ்சம் உயரம்" என்று மறுபடி கொட்டினாள். அடுத்தநாள் உயரம் குறைந்து பதிவாகப் போயிற்று என்று ஒரு பிடி திரும்பப் போட்டாள். பள்ளிக்கூடத்தால் களைத்து வருகிற பிள்ளை, எனக்காக இவ்வளவும் செய்கிறாளே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. காலையில் தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அவள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: "நித்திரை வந்ததோ அம்மா?"

வந்தது. அதுதான் வெட்கக்கேடு. அந்தக் கோதுத் தலையணை என் கழுத்துக்கு ஏற்றபடி குழிந்து, தலையை ஏந்திக்கொண்டது. சத்தமும் பழகிவிட்டது. இடையில் ஒருதரம்கூட எழும்பாமல் விடியும்வரை கிடந்தேன். எழும்பியதும் முதலில் வந்தது சந்தோசமில்லை, பயம். குமரை வைத்துக்கொண்டு இப்படி விழுந்து படுக்கிறேனே, ஊர் என்ன சொல்லும்? சம்பந்தம் ஒப்பேறும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

"எங்கை வந்தது" என்பேன் மகளிடம். "உன்ரை உமியும் சரிவரேல்லை" என்பேன் தங்கச்சியிடம்.

ஒரு மாதம் போயிருக்கும். கலியாணப் புரோக்கர் வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்கிறார்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். மனிதர் நெளிந்தார்.

"பொம்பிளையின்ரை தாய்க்கு நித்திரையே இல்லையாம். வெளிநாட்டிலை இருந்து மருந்துத் தலகணி எடுப்பிச்சுப் படுக்கிறாவாம். தாய்க்கிருந்தால் பிள்ளைக்கும் வருமெல்லோ எண்டு யோசிக்கினமாக்கும்."

 அந்தத் தலையணை நித்திரைக்குத்தான் என்று இந்த வீட்டுக்கு வெளியே தெரிந்த ஒரே ஆள் தங்கச்சி. அந்த இடத்திலேயே போன் எடுத்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். உன் ஓட்டை வாயால் என் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்தாயே என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு, "ஓமக்கா, நான்தான் ஆரிட்டையோ வாய் தவறிச் சொல்லிப்போட்டன். கோவியாதை" என்றாள். ஒரு மறுப்பாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு இலேசாக ஒத்துக்கொண்டது என் ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. இனி என்னோடு கதைக்காதே என்று போனை வைத்தேன். கூடப் பிறந்தவளே கழுத்தறுத்துவிட்டாள் என்று நாள் முழுக்க அழுதேன். மகள் பக்கத்தில் இருந்து என் முதுகைத் தடவிவிட்டாள்.

போன கிழமை சாவகச்சேரியில் சொந்தக்காரரின் புதுவீட்டுக் குடிபூரலுக்குத் தனியாகப் போயிருந்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் அந்த மாப்பிள்ளையின் தாய். எழும்பிப் போகவும் முடியவில்லை. அவர் என் கையைப் பிடித்தார்.

"இப்ப நித்திரை எப்பிடி? அந்தத் தலகணி சரிவந்ததோ? எனக்கும் சரியான கழுத்து நோ, அதுதான் கேட்டனான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைச் சாட்டித்தானே என்ரை பிள்ளையை வேண்டாமெண்டனீங்கள்" என்றேன்.

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "நாங்களோ? உங்கடை மகளெல்லோ எனக்குப் போன் எடுத்தவ. அம்மாவுக்கு நித்திரையில்லை, தலகணி எடுப்பிச்சும் சரிவரேல்லை, இந்த நிலைமையிலை விட்டிட்டு லண்டனுக்குப் போக ஏலாது, குறை நினைக்காதேங்கோ எண்டு அழுதவ. அந்தப் பிள்ளையை நாங்கள் ஏன் வேண்டாமெண்டுறம்? புரோக்கர் தன்ரை பாட்டுக்கு ஏதும் சொன்னவரோ?"

இலையை மடித்துவிட்டு எழும்பினேன். பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்புத்தான். வயிற்றில் சுமந்து பெற்ற பிள்ளை, என்னையே நோயாளியாக்கி, என்னையே காரணம் காட்டி, அதற்குப் பிறகு என் முதுகையும் தடவிவிட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் மேசையில் இருந்து பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டேன். பேனையை மூடி வைத்தாள்.

"ஓமம்மா. நான்தான் சொன்னனான்."

"சின்னம்மா?"

"அவவுக்குத் தெரியும். நீங்கள் என்னை ஏசக்கூடாதெண்டு பழியைத் தன்ரை தலையிலை போட்டவ."

"கொப்பா?"

அவள் வெளியே பார்த்தாள். முற்றத்தில் வாழைக்குலைகளை அடுக்கிக்கொண்டு நின்ற மனிதர் தலையை நிமிர்த்தவேயில்லை. எல்லோருக்கும் தெரியும். என் வீட்டில், நான் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, எனக்கு மட்டும் ஒளித்திருக்கிறார்கள்.

"என்னட்டைச் சொல்ல உனக்கு வாயில்லையோ?"

"என்னண்டு சொல்லுறது? நான் வாய் திறக்க முதல் நித்திரையில்லை எண்டு தொடங்குவீங்கள். எனக்கு இஞ்சையிருந்து போக விருப்பமில்லை எண்டும் சொன்னால் உங்களுக்கு என்ன நடக்குமோ எண்டு பயம். சின்னம்மாவிட்டைத் தலகணி கேட்டதே நான்தான். நீங்கள் நாலு நாள் ஒழுங்கா நித்திரை கொண்டால், ஆறுதலா இருத்திச் சொல்லுவம் எண்டு இருந்தனான். ஒவ்வொரு நாளும் காலமை கேட்டனான்தானே."

அப்படியானால் அந்தத் தேத்தண்ணியும், பக்கத்தில் குந்தியிருந்து அளவு பார்த்ததும் இதற்காகத்தானா? எனக்கு அவளை நோகச் செய்யவேண்டும் போல் இருந்தது.

"நான் நல்லாத்தான் நித்திரை கொண்டனான். அந்தத் தலகணி வந்த கிழமையிலை இருந்தே. விடியுமட்டும். உனக்கென்ன, நீ அந்த மனிசியிட்டை அழுது நடிச்சனி."

அவள் எழும்பி நின்றாள். அவளுடைய முகத்தில் அப்படியொரு வெறுமையை நான் முன்னர் பார்த்ததில்லை.

"நான் நடிக்கேல்லையம்மா" என்றாள். "நீங்கள் நித்திரையில்லாமல் செத்துப்போவீங்கள் எண்டு பயந்துதான் அழுதனான்."

கொப்பிகளை அள்ளிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.