ஃபார்மட் அடிக்காத ஜுவேரியா

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜுவேரியா, திரையில் வந்த பிழைச் செய்தியை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். நாமெல்லாம் அந்தப் பெட்டி எட்டிப் பார்த்ததுமே ‘ஓகே’யை அழுத்தி விரட்டிவிடுவோம். அவர் கல்யாணப் பத்திரிகை படிப்பதுபோல ஒரு புள்ளி விடாமல் படிப்பார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கும்.

“மாமா, இன்னா பண்ணீங்களோ அதையே இன்னொரு தபா பண்ணுங்க. நான் பாத்துக்கினு நிக்கறேன்.”

கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன். “நாளைக்கு நின்னுச்சின்னா நானா இங்க குந்திகினு இருப்பேன்? அவங்க கைக்குத்தான் தெரியணும்” என்றார்.

மாமா என்பது எங்கள் கீழ்வீட்டு வேம்பு மாமா. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குக் குரல் இல்லை. எழுதிக் காட்டலாம் என்றால் ராஜி மாமிக்குப் பார்வை மங்கி எழுத்து தெரிவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் பேச வழியில்லை. மாமா மேசையைத் தட்டுவார், மாமி உள்ளேயிருந்து “காப்பியா? வெந்நீரா?” என்று ஊகித்துக்கொண்டே வருவார். தட்டச்சு செய்வதைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றை அவர்கள் பெண் அனுப்பியிருந்தாள். அது பாதிவரை ஏறும், நின்றுவிடும். முன்னே வந்து பார்த்தவர்கள் எல்லோரும் “ஃபார்மட் அடிச்சிடலாம்” என்று, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்கள்.

ஜுவேரியாவிடம் அந்தச் சொல்லை எடுக்கக் கூடாது. “எலிக்குப் பயந்துகினு வூட்டக் கொளுத்துவாங்களா?” என்பார். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் நல்ல வேலையில் இருந்தவர். எதற்கெடுத்தாலும் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள் என்று சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டார். இப்போது ராயப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறார். ஸ்க்ரூ டிரைவரெல்லாம் ஒரு பழைய டிபன் பாக்ஸில் இருக்கும். வேலை முடியாமல் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். யாரையும் குற்றம் சொல்லவும் மாட்டார். “உங்க மேல தப்பில்ல. இதுக்குத்தான் கொஞ்சம் திமிரு கீது” என்று கம்ப்யூட்டரைத்தான் முறைப்பார். இப்படி ஒரு பிடிவாதக்காரியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மாமா மறுபடி செய்தார். மறுபடி நின்றது. ஜுவேரியா மறுபடி படித்தார்.

“எந்த ஃபோல்டர்ல பிரிச்சி வெக்கப் பாத்துச்சின்னு போட்டுக்கீது. மாமா பேருக்கு முன்னால ஒரு கேள்விக்குறி. இது எங்கேந்து வந்திச்சி?”

மாமா வெட்கத்தோடு காற்றில் விரலால் ஒரு பிள்ளையார் சுழி போட்டுக் காட்டினார். மளிகைச் சீட்டைக்கூடச் சுழி போடாமல் தொடங்காத மனிதர். கம்ப்யூட்டர் வாங்கிய அன்று பயனர் பெயர் கேட்டபோது, சுழியை மட்டும் தமிழில் போட்டு ‘உ Vembu’ என்று கொடுத்திருக்கிறார். அவருடைய ஃபோல்டருக்கும் அதே பெயர் விழுந்துவிட்டது; அந்த ‘உ’தான் கேள்விக்குறியாகத் தெரிந்தது. தமிழ் பேச வந்த மென்பொருளுக்கு வழியில் நின்ற ஒரு தமிழ் எழுத்தைத் தாண்டத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜுவேரியா சிரிக்கவில்லை.

“பேசாம சுழிய எடுத்துட்டா என்ன?” என்றேன்.

“எதுக்கு எடுக்கணும்? புள்ளையாரு பாட்டுக்கு ஒக்காந்துகினு இருக்கட்டும். நாம வேற வழியா போய்க்கலாம்.”

அவர் சொல்லச் சொல்ல, மாமா தன் பெயரிலிருந்த ஃபோல்டருக்கு வெளியே, முழுக்க ஆங்கிலப் பெயரில் வேறொரு ஃபோல்டர் உண்டாக்கி, மென்பொருளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். பச்சைக் கோடு நகரத் தொடங்கியதும் ஜுவேரியா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். “பாத்துக்கினே இருந்தா கண்ணு பட்டுடும்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஏறிடிச்சா?” என்று சுவரிடமே கேட்டார்.

ஏறிவிட்டது.

மாமா தட்டச்சு செய்தார். தொட்டில் பழக்கம் விடுமா? ஸ்பீக்கர் கரகரவென்று முதலில் “உ” என்றது. பிறகு நிதானமாகப் பேசியது.

“ராஜி, நான் மேசையத் தட்டினது காப்பிக்கு இல்லே. சும்மா உன்னைக் கூப்பிட்டேன்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“ஏன்னா, நீங்களா?” மாமி உள்ளேயிருந்தே கேட்டார். “சரியாக் காதுல விழல. இன்னொரு தரம் சொல்லுங்கோ.”

மாமாவின் விரல்கள் மறுபடி எழுத்துகளைத் தேடின. ஜுவேரியா அப்போதுதான் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். ஸ்பீக்கரை எடுத்து, சமையலறைப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.