ஸ்டெல்லா டீச்சருக்கு எட்டிய வண்டி

ஸ்டெல்லா டீச்சர் தூக்கத்திலேயே இறந்துபோன செய்தி, அடக்கம் முடிந்த மறுநாள்தான் எனக்கு வந்தது. அவருடைய தம்பி மகன் ஜெரால்டு போன் செய்து, "குரூப்ல போட்டிருந்தோமே அங்கிள், பார்க்கலையா?" என்றான். நான் எந்தக் குரூப்பிலும் இல்லை. அவர் வாழ்ந்த காக்ஸ் டவுனில் இத்தனை பேர் இருந்தும், அடுகோடியில் இருக்கும் எனக்கு ஒரு போன் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தத்தோடுதான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன்.

காக்ஸ் டவுன்காரர்களான உங்களுக்கு அவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். எனக்கு, என் பைக் ஒர்க்ஷாப்புக்குள் வந்து சண்டை போட்டு ஜெயித்த ஒரே வாடிக்கையாளர். ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரம். வாங்கியதோ முந்நூற்றைம்பது சி.சி. வண்டி. பிரேசர் டவுன் சிக்னலில் கால் எட்டாமல் வண்டியோடு சாய்ந்துவிட்டார். தூக்கிவிட்டவர்கள், "ஸ்கூட்டர் ஓட்டுங்க மேடம்" என்று புத்தி சொன்னார்களாம். வண்டியின் உயரத்தைக் குறைக்க முடியாவிட்டால் விற்றுவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தார்.

முடியாது என்றேன். யாரிடமும் தொழில் படிக்காமல், பிரித்துப் பிரித்தே கற்றவன் நான். கம்பெனி வைத்த உயரத்தில் கை வைத்தால் வளைவில் வண்டி சொன்னபடி கேட்காது என்பதைக் கண்ணால் கண்டவன். "ஹீல்ஸ் வெச்ச ஷூ போட்டுக்கோங்க டீச்சர்" என்றேன்.

அவர் என் வேலை மேசையைப் பார்த்தார். நானும் உயரமானவன் இல்லை.

"இந்த மேசைக் காலை யாரு அறுத்தது?"

"நான்தான். நின்னு வேலை செய்ய எட்டணும் இல்ல?"

"நீங்க ஏன் அண்ணா ஹீல்ஸ் போட்டுக்கல?"

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் சிரித்த சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பின்னால் நீளம் குறைந்த ஷாக் அப்சார்பர்களைப் போட்டேன். பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஓட்டம் கெடும் என்பதால், அதற்கு ஈடாக முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கையும் இறக்கினேன். அவரை ஏறி உட்காரச் சொன்னேன். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிந்தன. "இப்பதான் அண்ணா இது என் வண்டி" என்றார்.

சைடு ஸ்டாண்டு மட்டும் பாக்கி. வண்டி இறங்கினால் ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி சாயாமல் நிமிர்ந்து நின்று, லேசாகத் தட்டினாலும் மறுபக்கம் விழும். வெல்டிங்காரர் திங்கட்கிழமைதான் வருவார், விட்டுவிட்டுப் போங்கள் என்றேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அதில்தான் போவேன் என்று எடுத்துப் போனார். சர்ச் வாசலில், எல்லோரும் பார்க்க, வண்டி விழுந்து டேங்க் நசுங்கியது. அடுகோடி மெக்கானிக் வண்டியைக் கெடுத்துவிட்டான் என்று உங்களில் பலர் பேசினீர்கள். அஞ்சலியில் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன்: தப்பு என்னுடையதல்ல.

அதை முதலில் சொன்னவரும் டீச்சர்தான். மறுநாள் வந்து நின்றார். "அங்கயே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவர் வேணாம்னாரு, நான்தான் எடுத்துட்டு வந்தேன்னு. பேஜாரு பண்ணிக்காதீங்க, மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா." ஸ்டாண்டுக் குழாயில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டை அறுத்தெடுத்து, மீதியை வெல்டிங் வைத்தோம். டேங்கின் நசுங்கலை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். அதைப் பார்த்துட்டுக் கேக்கறவங்ககிட்ட உங்க பேரைக் காப்பாத்தணும் இல்ல?"

கடைசிவரை எடுக்கவிடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் ஜெரால்டு அந்த வண்டியைக் கொண்டுவந்தான். ஆறடி ஆள், அதற்கேற்ற எடை. ஒவ்வொரு வேகத்தடை ஹம்ப்பிலும் வண்டியின் அடிப்பாகம் உரசுகிறது. "பழைய உயரத்துக்கே ஏத்திக் கொடுங்க அங்கிள்" என்றான். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கால் அறுத்த மேசையின் மேல்தான் கை ஊன்றி நின்றிருந்தேன்.

ஏற்றிக் கொடுத்தேன். இப்போது ஸ்டாண்டு குட்டை. அன்று அறுத்தெடுத்து, மேசைக்கு மேலே ஆணியில் நான் மாட்டிவைத்திருந்த குழாய்த் துண்டைக் காட்டி, "இது அத்தை வண்டியோடதுதானே? இதையே வெல்டு வெச்சுடலாமே" என்றான்.

என் காசில் புது ஸ்டாண்டு வாங்கி மாட்டினேன். டேங்கின் நசுங்கலைத் தொடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்களுக்கு இனி அவன் பதில் சொல்லட்டும். அந்த இரண்டு விரல் இரும்பு என்னிடமே இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.