பின்னால் பார்த்த நாரை

ஊரே அழகு என்று சொல்கிற ஒன்றை, அதைச் செய்தவன் மட்டும் தப்பு என்று சொன்னால் யாரை நம்புவது? மலாக்கி கான்சிடைனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பதில் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் அவர். அவர் சொல்லவில்லை.

ஷானன் விமான நிலையத்தின் கடைசிக் கொட்டகையில் விமானங்களுக்கு வண்ணம் பூசுவது எங்கள் வேலை. மலாக்கி அங்கே, வண்ணம் படக்கூடாத இடங்களை மறைத்து டேப் ஒட்டும் குழுவுக்குத் தலைவர். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அவர் ஒட்டிக் காட்டிய பிறகுதான் அசம்ட்டா டூப்ரிடி வண்ணத் துப்பாக்கியோடு சாரத்தில் ஏறுவாள். அவர் க்ளேர்காரர், அவள் லிமரிக்காரி. இரண்டு மாவட்டங்களுக்கும் நடுவில் ஓர் ஆறுதான் ஓடுகிறது. ஆனால் ஹர்லிங் என்கிற மட்டைப்பந்து ஆட்டம் என்று வந்துவிட்டால் அது கடலாகிவிடும்.

மலாக்கிக்கு ஒரு கொள்கை இருந்தது. விமானத்தின் அழகு அவரவர் ரசனை இல்லை. அதில் சரி உண்டு, தப்பு உண்டு. தேநீர் இடைவேளையில் ஹாம் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டே இதைச் சொல்வார். சாண்ட்விச் உலர்ந்துவிடும்.

"கோடு ஜன்னலை வெட்டினா அது அசிங்கம். வால்ல இருக்கிற பிராணி விமானம் போற திசையைப் பார்க்கணும். இதுல உனக்குப் பிடிக்குது எனக்குப் பிடிக்குதுன்னு ஒண்ணும் கிடையாது. ரெண்டும் ரெண்டும் நாலு, அது உனக்குப் பிடிச்சிருக்கான்னு யாராவது கேக்கறாங்களா?"

"கேட்டிருந்தா பிடிக்கலைன்னுதான் சொல்லியிருப்பேன்," என்பாள் அசம்ட்டா. "அது இருக்கட்டும். உங்க க்ளேர் பசங்க போடற மஞ்சளும் நீலமுமான ஜெர்சி? குளவி குளத்துல விழுந்து எழுந்த மாதிரி இருக்கு. அது சரியா, தப்பா?"

"அதை அழகுன்னு நான் எப்ப சொன்னேன்? அது எங்களோடது. அழகா இருக்கிறது வேற, நம்மோடதா இருக்கிறது வேற."

இந்த வித்தியாசத்தைப் பெரிய புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சுற்றி வளைத்துத்தான் சொல்கின்றன. மலாக்கி சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். மீதிப் பாதிதான் அவரைப் பின்னால் படுத்தி எடுத்தது.

டொனிகாலில் மீன் வியாபாரம் செய்து வந்த டொனால் கில்டே ஒரு பழைய விசிறி விமானத்தை வாங்கி, தீவுகளுக்கு விடப்போவதாகச் சொல்லி எங்களிடம் கொண்டுவந்தார். உடல் வெள்ளை, வாலின் இரு பக்கமும் ஒரு சாம்பல் நாரை. வாலுக்கான ஸ்டென்சில்கள், அதாவது நாரை வடிவம் வெட்டிய தாள்கள், இரண்டு சுருளாக அச்சகத்திலிருந்து வந்தன. ஒன்று இடப்பக்கத்துக்கு, இன்னொன்று வலப்பக்கத்துக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல இருக்க வேண்டும். அச்சகத்தார் இடப்பக்கத்தையே இரண்டு முறை வெட்டி அனுப்பியிருந்தார்கள். ஒட்டுவதற்கு முன் விரித்துப் பார்க்க வேண்டியது மலாக்கியின் பொறுப்பு.

ஒட்டிய நாள் ஞாயிறு. ரேடியோவில் க்ளேருக்கும் லிமரிக்குக்கும் ஆட்டம். மலாக்கி சாரத்தின் மேல் நின்று ஒட்டினார், அசம்ட்டா கீழே நின்று ஏசினாள். வாலை ஒட்டி நிற்பவனுக்கு நாரை தெரியாது. ஓர் இறகு தெரியும், ஒரு கால் தெரியும், அவ்வளவுதான். முழுப் பறவையைப் பார்க்க டேப்பை உரித்துச் சாரத்தையும் நகர்த்த வேண்டும். ஆட்டத்தில் க்ளேர் ஜெயித்தது. மலாக்கி மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனார்.

வாடிக்கையாளர் முன்னிலையில் டேப் உரிப்பது எங்கள் வழக்கம். இடப்பக்கம் உரித்தோம். நாரை கம்பீரமாக முன்னால் பார்த்தது. கில்டே கைதட்டினார். வலப்பக்கம் உரித்தோம். நாரை விமானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் பார்த்தது.

மலாக்கியின் முகம் விமானத்தின் அடிப்பூச்சை விட வெளுத்துவிட்டது. மேலாளர் காலம் நெய்லன் அவர் காதருகே குனிந்தார். "வாயைத் திறக்காதே. தப்புன்னு சொன்னா எல்லாத்தையும் சுரண்டி மறுபடி அடிக்கணும். அப்புறம் நீ தலைவரா இருக்க மாட்டே, சொல்லிட்டேன்."

கில்டே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டைத் திரும்பிப் பார்க்குது," என்றார். "தீவை விட்டுக் கிளம்பற எங்க ஜனங்க எல்லாரும் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பாங்க. யாருங்க இதை யோசிச்சது?"

காலம் மலாக்கியின் தோளில் கை போட்டார். "எங்க மலாக்கிதான்!"

மலாக்கி அந்தக் கையை எடுத்துவிட்டார். "யாரும் யோசிக்கல. பார்க்காம ஒட்டிட்டேன். தப்பு. அது வீட்டையும் பார்க்கல ஒண்ணையும் பார்க்கல, பின்னாடி நிக்கிற பெட்ரோல் லாரியைப் பார்க்குது. ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணிடறேன்."

பதவி போனது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"அதுமேல யாராவது கை வச்சீங்க," என்றார் கில்டே, "நான் விமானத்தை ஓட்டிட்டே வெளியே போயிடுவேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஞாபகம் வச்சுக்குங்க."

மலாக்கியின் பதவி பிழைத்தது. போனது அவருடைய நிம்மதி. அந்த நாரையின் படம் பத்திரிகைகளில் வந்தது. டொனிகாலில் பிள்ளைகள் அதை வரைந்து பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். மலாக்கியின் மனைவி ஃபிலமினா அதை ஒரு கோப்பையில் அச்சடித்து வாங்கி வந்து, காலையில் அவருக்கு அதிலேயே தேநீர் கொடுத்தாள். "உலகத்துல எல்லாருக்கும் அழகா இருக்கு, உனக்கு மட்டும் ஏன் உறுத்துது?" என்று கேட்டாளாம். அவர் கோப்பையைத் திருப்பி, படம் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டுக் குடித்தாராம்.

அசம்ட்டா விடுவாளா? "ரெண்டும் ரெண்டும் இப்ப எவ்வளவு, மலாக்கி?" என்று தினமும் கேட்டாள்.

பிறகு இன்னொரு நிறுவனம் வந்தது. எங்கள் விமானத்தின் வாலில் இருக்கும் சிங்கத்தையும் பின்னால் பார்க்க வையுங்கள், கூடக் கொடுக்கிறோம் என்றார்கள். மேலாளர் காலம் சரி என்று தலையாட்டினார். மலாக்கி டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அது தப்பா வந்தது. தப்பை வேணும்னே செய்ய எனக்குத் தெரியாது. வேற ஆளைப் பாருங்க."

வேறு யாரும் அந்த டேப்பை எடுக்கவில்லை, சிங்கம் முன்னால் பார்த்தபடியே போயிற்று.

நாலு குளிர்காலம் கடல் உப்பில் பறந்து, கில்டேயின் விமானம் வெளிறிப்போய் மறுபூச்சுக்கு வந்தது. மலாக்கி ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி விமானம். கில்டே தொலைபேசியில் காலமிடம் சொன்னார்: "பறவை எந்தப் பக்கம் பார்க்கணும்கிறதை மலாக்கியே முடிவு பண்ணட்டும். அந்த மனுஷனை நாலு வருஷம் அழ வச்சுட்டேன்."

கொட்டகை இரண்டு கட்சியானது. பந்தயம் ஒரு டின் சாக்லேட் பிஸ்கட். அழகுக்குச் சரி தப்பு உண்டு என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனிதர், வாய்ப்புக் கிடைத்ததும் நாரையை முன்னால் திருப்பாமல் இருப்பாரா என்றது ஒரு கட்சி. நான் அதில் இருந்தேன். திருப்ப மாட்டார், அவருக்கே அது பிடித்துப்போய்விட்டது என்றது அசம்ட்டாவின் கட்சி. மலாக்கி தானே ஸ்டென்சில்களை வரவழைத்து, தரையில் இரண்டையும் விரித்துப் பார்த்து, வாலைச் சுற்றித் திரை கட்டிக்கொண்டு ஒட்டினார். வண்ணம் அடித்த அசம்ட்டாவுக்கும் இறகும் காலும்தான் தெரிந்தன.

உரிக்கும் நாளில் நாங்கள் எல்லோரும் வலப்பக்கம் கூடினோம், கேள்வி அங்கேதான் இருந்தது என்பதால். மலாக்கி மட்டும் மறுபக்கம் போய்த் தனியாக உரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத் திரை விலகியது. நாரை பின்னால் பார்த்தது, நாலு வருஷத்துக்கு முன் இருந்த அதே இடத்தில்.

அசம்ட்டா பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு ஒரு குதி குதித்தாள். "ஒத்துக்கிட்டான்யா! அழகுன்னு ஒத்துக்கிட்டான்!" அதைச் சொல்லிக் காட்ட மறுபக்கம் ஓடினாள். அங்கே போனதும் சத்தம் நின்றுவிட்டது. நாங்களும் போனோம்.

இடப்பக்க நாரையும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது, வலப்பக்கத்தின் கண்ணாடி பிம்பம் போல.

நாங்கள் அந்த நாரையையும் மலாக்கியையும் மாறி மாறிப் பார்த்தோம். அவர் டேப்பை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ் மலாக்கி," என்றாள் அசம்ட்டா மெதுவாக. "ரெண்டும் பின்னாடி பார்த்தா, விமானம் எங்க போகுதுன்னு யாருய்யா பார்க்கறது?"

"பைலட்," என்றார் மலாக்கி. அவள் கையிலிருந்த டின்னை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.